ஃப்ளூ ஊசி போட்ட மறுநாளே காய்ச்சல் வந்தது, இந்த வருஷமும் போடலாமா?

11 செப்டம்பர் 2024 (சேலத்திலிருந்து வந்த கேள்வி)

போன வருஷம் ஆபீசில் எல்லாருக்கும் ஃப்ளூ ஊசி போட்டார்கள். எனக்கு மறுநாள் 100.6 காய்ச்சல், கையைத் தூக்க முடியவில்லை. பத்தாம் நாள் சளி பிடித்து மூன்று வாரம் இருமினேன். அதற்கு முன் பல வருஷமாக எனக்குக் காய்ச்சலே வந்ததில்லை. ஊசிதான் காய்ச்சலைக் கொண்டுவந்தது என்று நினைக்கிறேன். இந்த வருஷமும் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

11 செப்டம்பர், இரவு

போடலாம். ஊசியால் ஃப்ளூ வராது. கையில் போடுகிற ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. கோழி முட்டைக்குள் வளர்த்து, கொன்று, உடைத்து, சுத்தம் செய்து எடுத்த துண்டுகள்தான் அந்த அரை மில்லியில் இருக்கின்றன. அந்தத் துண்டுகள் உடம்புக்குள் பெருக வழியே இல்லை. உங்களுக்கு வந்தது வேறு ஏதோ காய்ச்சல்.

12 செப்டம்பர், காலை

நேற்று அவசரமாக எழுதிவிட்டேன். திரும்பப் படித்தால், ஊசிக்கும் உங்கள் காய்ச்சலுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்ன மாதிரி இருக்கிறது. அது தப்பு.

உங்கள் கதையில் இரண்டு சமாச்சாரம் இருக்கிறது. மறுநாள் வந்த 100.6 ஊசியால் வந்திருக்கலாம். புதிதாக ஒன்று உள்ளே வந்ததும் உடம்பு விழித்துக்கொள்கிறது, அந்த வேலையில் சிலருக்குக் கொஞ்சம் சூடு ஏறும், உடம்பு வலிக்கும், தலை கனக்கும். ஒன்று இரண்டு நாளில் இறங்கிவிடும். சின்னக் குழந்தைகளுக்கும் முதல் முறை போடுகிறவர்களுக்கும் இது கூடுதலாக வரலாம். கைவலி பலருக்கு உண்டு.

பத்தாம் நாள் சளியும் மூன்று வார இருமலும் வேறு கணக்கு. ஊசி வேலை செய்ய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதற்குள் யாராவது எதிரில் நின்று தும்மினால் ஊசி போட்டவருக்கும் நிஜமான ஃப்ளூவே வரலாம். அதைத் தவிர சளி பிடிக்க வைக்கிற வைரஸ்கள் ஏராளம், ஃப்ளூ ஊசி அவற்றில் ஒன்றைக்கூடத் தடுக்காது. எல்லாரும் ஊசி போடுகிற காலமும் ஊரே இருமுகிற காலமும் ஒன்றாக இருப்பதால், எது எதனால் வந்தது என்று பிரிப்பது கஷ்டம்.

இதைப் பிரித்துப் பார்க்கவே சோதனை செய்திருக்கிறார்கள். பாதிப் பேருக்கு ஊசி, மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. ஊசிக்காரர்களுக்குக் கையில் வலியும் சிவப்பும்தான் அதிகம். காய்ச்சல், இருமல், மூக்கொழுகல் எல்லாம் இரண்டு பக்கமும் ஒரே அளவு. முதலில் படித்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. ஆகவே உங்கள் 100.6 ஊசியால் வந்திருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும், அடித்துச் சொல்ல முடியாது.

15 செப்டம்பர்

ஏன் இவ்வளவு தூரம் மெனக்கெடுகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். சொல்கிறேன்.

நாங்கள் கும்பகோணம் பக்கம். வீட்டில் மாமாவும் அத்தையும் நானும் பிள்ளையும். கணவர் ஓசூரில் வேலை, மாதத்துக்கு இரண்டு தடவை வருவார். மாமாவுக்கு 74 வயது. சர்க்கரை, 2019இல் இதய ரத்தக்குழாயில் வைத்த ஸ்டென்ட், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. அத்தைக்கு 69, மழை வந்தால் வீசிங்.

2023 மார்ச்சில் எச்3என்2 என்கிற ஃப்ளூ வகை பரவியது பலருக்கு நினைவிருக்கும். தமிழ்நாடு அரசு மார்ச் 10 அன்று ஆயிரம் இடங்களில் காய்ச்சல் முகாம் வைத்தது, புதுச்சேரியில் சின்ன வகுப்புகளுக்கு லீவு விட்டார்கள். அந்த வாரம் மாமாவுக்குக் காய்ச்சல். மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே நாலு நாள் தள்ளினார். "சளிக் காய்ச்சல்தானேம்மா" என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் விடிகாலையில் கட்டிலில் நேராக உட்கார்ந்தபடி, இரண்டு கையையும் தொடையில் ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று வாயால் சொல்லக்கூட முடியவில்லை, கையைத்தான் காட்டினார். ஆறு நாள் ஆஸ்பத்திரி.

வீட்டுக்கு அனுப்பும்போது இதய மருத்துவர் கேட்டார், "வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி போடுறீங்களா?" அப்படி ஒரு ஊசி இருப்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும். கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்த ஒரு ஆய்வு 2018இல் வந்தது. ஃப்ளூ உறுதியான முதல் வாரத்தில் மாரடைப்பு வருகிற வாய்ப்பு ஆறு மடங்கு என்கிறது. ஸ்டென்ட் வைத்தவர் இருக்கிற வீட்டில் அந்த ஆறு மடங்கைப் படித்துவிட்டுத் தூங்க முடியாது.

இருந்தும் போன வருஷம் போடவில்லை. காரணம் நான்தான். மருமகள் கூட்டிப்போய்ப் போட்ட ஊசியில் ஏதாவது ஆகிவிட்டால்? கணவரின் அப்பா, கணவர் ஊரில் இல்லை. போடாமல் விட்டு ஏதாவது ஆனால் விதி என்பார்கள். போட்டு ஆனால் என் பெயரைச் சொல்வார்கள். இந்தப் பயத்தை வெளியே சொல்லாமல் ஒரு வருஷத்தை ஓட்டினேன். எனக்காகவும்தான் இதையெல்லாம் தேடிப் படிக்கிறேன்.

16 செப்டம்பர்

விலை கேட்டவருக்கு: எங்கள் பக்கம் ஒன்று ஆயிரத்து எழுநூறு சொச்சம். குழந்தைகளுக்கு அரசு இலவசமாகப் போடும் பட்டியலில் இது இல்லை. அங்கன்வாடியில் கேட்டு அலையாதீர்கள்.

17 செப்டம்பர்

"நாற்பதிலிருந்து அறுபது சதவீதம்தான் வேலை செய்யுமாம். பாதிப் பேருக்கு எப்படியும் வரப்போகிறது, 1,700 ரூபாய் எதற்கு?"

நியாயமான கேள்விதான். ஆனால் அந்த சதவீதத்துக்கு அர்த்தம் அது இல்லை. ஊசி போடாத நூறு பேரில் ஒரு பருவத்தில் பத்துப் பேருக்கு ஃப்ளூ வருகிறது என்று வையுங்கள். போட்ட நூறு பேரில் நாலிலிருந்து ஆறு பேருக்கு வரும். அந்தப் பத்தைத்தான் ஊசி குறைக்கிறது. வந்த பிறகும் பலருக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற அளவுக்கு முற்றாமல் நிற்கிறது. மாமா கணக்கில் அந்த ஆறு நாள்தான் எனக்குப் பெரிசு.

ஊசியில் இருக்கிற வகையும் ஊரில் பரவுகிற வகையும் பொருந்தாத வருஷத்தில் பலன் இன்னும் குறையும். அதை மறைத்துச் சொல்லக் கூடாது.

19 செப்டம்பர்

எப்போது போடுவது என்பதில் வீட்டிலேயே வாக்குவாதம். நாத்தனார் இங்கிலாந்தில் இருக்கிறார். அங்கே 65 வயது தாண்டியவர்களுக்கு அரசே இலவசமாகப் போடுகிறது, அக்டோபரில் ஆரம்பிப்பார்கள். "இங்க புது ஊசி அக்டோபர்லதான் வரும் அண்ணி, அங்க இப்ப இருக்கறது பழசு, பொறுங்க" என்றார்.

தேடியதில் புரிந்தது இவ்வளவு. உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு இரண்டு தடவை கூடி ஊசியில் எந்தெந்த வகை இருக்க வேண்டும் என்று சொல்கிறது. பிப்ரவரியில் சொல்வது வடபாதி உலகத்தின் குளிர்காலத்துக்கு. செப்டம்பரில் சொல்வது தென்பாதிக்கு, அடுத்த வருஷத்துக்கானது. நாம் வரைபடத்தில் வடபாதி, ஆனால் நமக்கு டிசம்பர் பனியைவிட மழைதான் ஃப்ளூ காலம். இந்தியாவில் பல இடங்களில் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையோடு, அதாவது ஐப்பசி, கார்த்திகையில் ஏறுகிறது. அதனால் தென்பாதி ஊசி, வடபாதி ஊசி இரண்டுமே இங்கே கடைக்கு வருகின்றன.

எது பழசு எது புதுசு என்பதைப் பெட்டியிலேயே பார்க்கலாம். "ஏ/தாய்லாந்து/8/2022 (எச்3என்2)" என்று போட்டிருக்கும். முதலில் வைரஸின் வகை, பிறகு எந்த ஊரில் எடுத்தது, பரிசோதனைக் கூடத்தின் வரிசை எண், எடுத்த வருஷம். ஒரு வைரஸின் பிறப்புச் சான்றிதழ் மாதிரி. 2024 தென்பாதிப் பட்டியலையும் 2024-25 வடபாதிப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். விக்டோரியா, தாய்லாந்து, ஆஸ்திரியா. முட்டையில் வளர்க்கிற ஊசிக்கு இரண்டிலும் ஒரே பெயர்கள். ஆகவே இந்த வருஷம் காத்திருக்க ஒன்றுமில்லை, காலாவதித் தேதியை மட்டும் பார்த்தால் போதும். நாத்தனாருக்குப் படம் எடுத்து அனுப்பினேன், "சரி அண்ணி, போட்டுடுங்க" என்று பதில் வந்தது.

நாலு வகை உள்ளது, மூன்று வகை உள்ளது என்று இருக்கிறதாம். கொஞ்சம் காசு கூட ஆனாலும் நாலு வகை உள்ளதையே வாங்குங்கள்.

21 செப்டம்பர்

முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள் போடக் கூடாது என்று என்னோடு பள்ளியில் வேலை பார்க்கும் ஒரு டீச்சரிடம் போன மாதம் சொல்லியிருந்தேன். அவர் பெண்ணுக்கு முட்டை சாப்பிட்டால் தடிப்பு வரும். நேற்று குழந்தை மருத்துவரிடம் கேட்டுவிட்டு வந்து சொன்னார், அது பழைய பேச்சாம். முட்டை அலர்ஜி இருந்தாலும் போடலாம். ஊசியில் மிஞ்சுகிற முட்டைப் புரதம் அவ்வளவு சொற்பம். இதே ஃப்ளூ ஊசி போட்டு முன்பு மூச்சுத் திணறல், முகவீக்கம் மாதிரி கடுமையாக வந்திருந்தால்தான் கூடாது. நான் சொன்னதைக் கேட்டு அந்தப் பெண்ணுக்குப் போடாமல் இருந்திருப்பார்கள். மனசு கேட்கவில்லை, போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

அந்தக் கடுமையான அலர்ஜி பத்து லட்சம் ஊசிக்கு ஏறக்குறைய ஒன்று. அதற்காகத்தான் போட்ட பிறகு கால் மணி, அரை மணி உட்காரச் சொல்கிறார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து ஓடாதீர்கள்.

இன்னொன்று: எட்டு வயது வரை உள்ள குழந்தைக்கு முதல் தடவை போடும்போது நாலு வாரம் விட்டு இரண்டு டோஸ்.

24 செப்டம்பர்

இதை எழுதத் தயங்கிக்கொண்டே இருந்தேன்.

என் பெரியம்மா மகனுக்கு, எனக்கு அண்ணன், 2017இல் கில்லன் பாரே வந்தது. ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு நாலைந்து நாள் வயிற்றுப்போக்கு. அது நின்று பத்து நாள் இருக்கும், காலையில் செருப்புக்குள் காலை நுழைக்க முடியவில்லை. மதியம் மாடிப்படி ஏற முடியவில்லை. ராத்திரி கை விரலை மடக்க முடியவில்லை. நம் உடம்பின் காவல் படை நம் நரம்பையே எதிரி என்று நினைத்து அடிக்கிற நோய் அது. ஐசியூவில் பன்னிரண்டு நாள். மறுபடி தானாக நடக்க ஐந்து மாதம். இன்றைக்கும் ஈரத் தரையில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்.

ஃப்ளூ ஊசிக்கும் இந்த நோய்க்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1976இல் அமெரிக்காவில் ஃபோர்ட் டிக்ஸ் என்ற ராணுவ முகாமில் பன்றிக் காய்ச்சல் வைரஸ் தெரிந்தது, ஒரு சிப்பாய் இறந்தார். பெரிய கொள்ளைநோய் வரப்போகிறது என்று பயந்து சுமார் நாலரைக் கோடிப் பேருக்கு ஊசி போட்டார்கள். கொள்ளைநோய் வரவில்லை. ஊசி போட்டவர்களில் லட்சத்துக்கு ஒருவர் என்ற அளவில் கில்லன் பாரே கூடுதலாக வந்தது. டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். இப்போதைய ஊசிகளில் அப்படி ஒரு கூடுதல் இருந்தாலும் பத்து லட்சம் ஊசிக்கு ஒன்று, இரண்டுதான் என்கிறார்கள். ஃப்ளூ காய்ச்சலே இந்த நோயைக் கிளப்பிவிடும், ஊசியைவிடக் கூடுதலாகவே.

இதையெல்லாம் வைத்து நேற்று அண்ணனிடம் போனில் வாதாடினேன், நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள் என்று. பொறுமையாகக் கேட்டார். அவருடைய நரம்பு மருத்துவர் சொன்னது இது: ஃப்ளூ ஊசி போட்டு ஆறு வாரத்துக்குள் இந்த நோய் வந்தவர்தான் மறுபடி போட யோசிக்க வேண்டும், உங்களுக்கு வந்தது வயிற்றுப்போக்கால், போடலாம், முடிவு உங்களுடையது. "நம்பர் எல்லாம் எனக்கும் தெரியும்மா. ஆனா அந்தப் பன்னிரண்டு நாள் கண்ணு மட்டும்தான் அசைஞ்சுது. எனக்கு வேண்டாம். அண்ணிக்கும் பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் போட்டுட்டேன், அவங்க கொண்டுவந்தாத்தானே எனக்கு வரும்" என்றார்.

போனை வைத்த பிறகு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பத்து லட்சத்தில் ஒன்று என்று நான் சொல்லும்போது அது எனக்கு வெறும் எண். அவர் அந்த ஒன்றாக இருந்து பார்த்தவர். அவர் முடிவு சரி. வேறு ஒருவருக்கு அதே முடிவு தப்பாக இருக்கலாம்.

28 செப்டம்பர்

ஊசி வாங்கப் போனேன். முதல் கடையில் பிரிட்ஜைத் திறந்தார்கள். தண்ணீர் பாட்டில், தயிர் டப்பா, யாருடைய சாப்பாடோ. கதவில் முட்டை வைக்கிற தட்டில் ஊசிப் பெட்டி. ஃப்ளூ ஊசி 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்தாலும் போச்சு. அடிக்கடி திறக்கிற கதவில் அந்தச் சூடு நிலைக்காது. "கரண்ட் போனா?" என்று கேட்டேன். "உடனே வந்துடும்மா" என்றார். வாங்கவில்லை.

பிறகு நாங்கள் போகும் டாக்டரிடமே கேட்டேன். தடுப்பூசிக்கென்று தனி பிரிட்ஜ், உள்ளே தொங்குகிற தெர்மாமீட்டர், காலை மாலை எழுதி வைத்த தாள். முன்பதிவு செய்தால் வரவழைத்துப் போடுகிறார்கள். கடையில் வாங்கிக் கிளினிக்குக்கு எடுத்துப் போகத்தான் வழி என்றால் ஐஸ் ஜெல் வைத்த தெர்மோகோல் பெட்டி கேளுங்கள், கைப்பையில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டு வராதீர்கள்.

3 அக்டோபர்

போட்டாயிற்று. நேற்று மகாளய அமாவாசை. "அமாவாசை கழியட்டும், அப்பறம் எங்க வேணா கூப்பிடு" என்று அத்தை சொல்லியிருந்தார். ஐப்பசி பிறக்கச் சரியாக இரண்டு வாரம் இருக்கிறது.

பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொன்னேன், நர்ஸ் முகம் சுளிக்காமல் காட்டினார். மருந்து நிரப்பியே வருகிற ஊசி. உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்துக் குளிர் போக்கி, குலுக்கி, மேல்கைச் சதையில் போட்டார். மாமாவுக்கு ரத்தம் உறையாத மாத்திரை இருப்பதை முன்பே சொல்லியிருந்தோம். மெல்லிய ஊசி, எடுத்ததும் பஞ்சை வைத்துத் தேய்க்காமல் இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். அத்தை இடது கையை நீட்டினார், "வலது கை வலிச்சா நாளைக்கு யாரு மாவு ஆட்டுறது" என்று.

எனக்குப் போடவில்லை. நாற்பத்திரண்டு வயசு, ஒரு வியாதியும் இல்லை, இரண்டு பேருக்கே மூவாயிரத்து நானூறு.

4 அக்டோபர்

பால் கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுதி வைத்தது, அப்படியே தருகிறேன்.

மாமா: ராத்திரி 98.2. காலை 98.4. கை வலிக்கிறது, சட்டை போடும்போது மட்டும். ஊசி போட்ட இடத்தில் அரையணா அளவு ரத்தக்கட்டு.

அத்தை: ராத்திரி 9 மணிக்கு 99.8. உடம்பு முறுக்குகிறது என்றார். பாராசிட்டமால் ஒன்று. ஊசி போடுவதற்கு முன்பே காய்ச்சல் மாத்திரை போட வேண்டாம், வந்தால் போட்டால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலை 98.8. போட்ட இடத்தில் புளியங்கொட்டை அளவு கட்டி, தொட்டால் சூடு.

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அத்தை நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அவரும் விழித்துத்தான் இருந்தார். "நீ போய்ப் படு, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

6 அக்டோபர்

அத்தைக்கு நேற்றே சரியாகிவிட்டது. கட்டி மட்டும் இருக்கிறது. மாமா கையில் ரத்தக்கட்டு மஞ்சளாகிவிட்டது. அவ்வளவுதான் பக்க விளைவு.

20 அக்டோபர்

திருத்தம். நாலு வகை உள்ளதையே வாங்குங்கள் என்று செப்டம்பர் 19இல் எழுதியது வீண் செலவு. எங்கள் பெட்டியில் நாலாவது பெயர் "பி/புக்கெட்/3073/2013". இது பி வகையில் யமகாட்டா என்கிற கிளை. 2020 மார்ச்சுக்குப் பிறகு அந்தக் கிளை உலகத்தில் எங்கும் உறுதியாகக் கண்ணில் படவில்லை, கொரோனா காலத்தில் எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்ததில் அற்றுப்போயிருக்கலாம் என்கிறார்கள். அதை இனி ஊசியில் சேர்க்கத் தேவையில்லை என்று 2023 செப்டம்பரிலேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் 2024-25 பருவத்துக்கு எல்லாமே மூன்று வகைதான். நாலு உள்ளதைப் போட்டால் கெடுதல் இல்லை. ஆனால் அதற்காகத் தேடி அலையவோ, கூடக் காசு கொடுக்கவோ வேண்டாம்.

18 நவம்பர்

அத்தை கடைமுழுக்குக்கு மாயவரம் போய்விட்டு வந்தார். காவிரித் துறையில் அந்தக் கூட்டத்தில் ஈரத்துணியோடு நின்று வந்தவருக்கு ஒரு தும்மல்கூட இல்லை. ஊசியால்தான் என்று சொல்ல மாட்டேன். போன வருஷம் ஊசி போடாமலே போனார், அப்போதும் ஒன்றும் ஆகவில்லை.

6 டிசம்பர்

படுத்தபடி எழுதுகிறேன். ஃபெஞ்சல் புயல் மழைக்கு விட்ட லீவு முடிந்து பள்ளி திறந்ததும் என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு இருமல். 4ஆம் தேதி நாலாவது பீரியடில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன், திடீரென்று முதுகில் ஐஸ் தண்ணீர் ஊற்றின மாதிரி நடுங்கியது. வீட்டுக்கு வந்து பார்த்தால் 102.8. கண் விழியை அசைத்தால் வலி. சாதாரணச் சளி மெல்ல மெல்ல ஏறும், இது நேரம் குறித்து வைத்த மாதிரி வந்தது.

மழைக்காலத்தில் டெங்குவும் இருப்பதால் ரத்தப் பரிசோதனை செய்தார்கள், டெங்கு இல்லை. பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதுவும் அதுவரை தொடவில்லை, நீங்களும் தொடாதீர்கள். வீட்டில் ஸ்டென்ட் வைத்தவர் இருக்கிறார் என்றதும் டாக்டர் ஓசெல்டாமிவிர் என்கிற ஃப்ளூ மருந்தை எழுதினார், காலை மாலை ஐந்து நாள். முதல் இரண்டு நாளுக்குள் ஆரம்பித்தால்தான் அதற்கு நல்ல பலன். ஆன்டிபயாட்டிக் எழுதவில்லை, வைரஸுக்கு அது உதவாது.

ஃப்ளூதானா என்று தொண்டையில் எடுத்துப் பார்க்கவில்லை. அதனால் அடித்துச் சொல்ல முடியாது.

பிள்ளை அறைக்குள் இப்போது நான் மட்டும். கதவுக்கு வெளியே கஞ்சி டம்ளரை வைத்துவிட்டு அத்தை கூப்பிடுகிறார்.

11 டிசம்பர்

காய்ச்சல் விட்டது, இருமல் இருக்கிறது. 8ஆம் தேதி அத்தைக்கு 100.2, தொண்டை கரகரப்பு. இரண்டு நாளில் எழுந்துவிட்டார், வீசிங் வரவில்லை. மாமாவுக்கு ஒன்றுமே இல்லை.

பார்த்தீர்களா, ஊசி வேலை செய்தது என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் ஒரு வீட்டில் மூன்று பேரை வைத்து அப்படிச் சொன்னால், முதலில் கேள்வி கேட்ட சேலத்துக்காரர் சொன்னதற்கும் நான் சொல்வதற்கும் என்ன வித்தியாசம்? அவரும் தன் ஒரு உடம்பில் நடந்ததை வைத்துத்தான் சொன்னார்.

எனக்கு உறுத்துவது வேறு. அண்ணன் செய்ததை நான் செய்யவில்லை. தனக்குப் போடாமல் சுற்றி இருக்கிறவர்களுக்குப் போட்டார். நான் வயசானவர்களுக்குப் போட்டுவிட்டு, தினமும் நாற்பது பிள்ளைகளின் இருமலுக்கு நடுவில் நிற்கிற என்னைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அந்த ஆயிரத்து எழுநூறை மிச்சம் பிடித்தேன். அந்த வீட்டுக்குள் எது வருவதாக இருந்தாலும் அது என் வழியாகத்தான் வரும். ஊசி மாமாவைக் காப்பாற்றுமா என்று மூன்று மாதம் படித்த எனக்கு இது தோன்றவில்லை.

12 டிசம்பர்

சேலத்துக்காரர் எழுதியிருக்கிறார், அக்டோபர் கடைசியில் போட்டுக்கொண்டாராம். மறுநாள் 99.4, ஒரு நாள்தான். ஆபீசில் வெள்ளிக்கிழமை போடச் சொல்லிக் கேட்டு வாங்கினாராம், சனி ஞாயிறு படுத்துக்கொள்ளலாம் என்று. நல்ல யோசனை.

7 ஜனவரி 2025

எச்எம்பிவி பற்றி நாலு பேர் கேட்டுவிட்டார்கள், ஃப்ளூ ஊசி அதைத் தடுக்குமா என்று. தடுக்காது, அது வேறு வைரஸ். சென்னையிலும் சேலத்திலும் ஒவ்வொருவருக்கு இருப்பதாக அரசு சொல்லியிருக்கிறது. புதிதாக முளைத்த வைரஸ் இல்லை, 2001இலேயே கண்டுபிடித்தது. அதற்கென்று தடுப்பூசி கிடையாது. பொங்கலுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும்போது இருமல் இருந்தால் தாத்தா பாட்டி மடியில் குழந்தையைப் போடாதீர்கள்.

30 ஜனவரி

புனேயில் கில்லன் பாரே நூறு பேருக்கு மேல். யாரோ ஊசியால்தான் என்று ஒரு செய்தியைச் சுற்றவிட்டிருக்கிறார்கள், அது எங்கள் குடும்பக் குழுவுக்கே வந்துவிட்டது. நோயாளிகளின் மலத்தில் கேம்பிலோபேக்டர் என்கிற பாக்டீரியாவைக் கண்டிருக்கிறார்கள், கெட்டுப்போன தண்ணீர்மேல்தான் சந்தேகம். அண்ணனுக்கு வந்த அதே வழி, வயிறு. நான் பதில் எழுதுவதற்குள் அவரே குழுவில் குரல் பதிவு போட்டுவிட்டார், தனக்கு எப்படி வந்தது, எந்தக் காலில் ஆரம்பித்தது என்று ஆறு நிமிஷம். இத்தனை வருஷத்தில் அவர் அதைப் பற்றி இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கடைசியில் "கால் மரத்தா காத்திருக்காதீங்க, அன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க" என்றார்.

2025ஆம் வருஷத்துக்கு: தென்பாதி ஊசியில் எச்3என்2 மாறிவிட்டது. முட்டை ஊசியில் தாய்லாந்து போய் "ஏ/குரோவேஷியா/10136ஆர்வி/2023" வருகிறது. கடைக்கு வந்ததும் பெட்டியில் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், தாய்லாந்து என்று இருந்தால் அது போன வருஷத்து மிச்சம். டாக்டரிடம் மூன்று பேருக்குச் சொல்லி வைத்துவிட்டேன். பிள்ளையையும் சேர்த்தால் நாலு, அதை அவன் அப்பா வந்ததும் பேச வேண்டும்.